நோர்வேயின் தற்காலக் கட்டிடக்கலை

நோர்வேயின் தற்காலக் கட்டிடக்கலை என்பது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில், குறிப்பாக 1980களின் இறுதியில் இருந்து, வட ஐரோப்பிய நாடான நோர்வேயில் உருவான கட்டிடங்களையும், அவற்றுக்கு அடிப்படையான கருத்துக்களையும் குறிக்கும். மலைகளும், காடுகளும், நுழைகழிகளும் நிறைந்த நிலத்தில் ஒரு கட்டிடம் எவ்வாறு அமையவேண்டும் என்பதும், கைவிடப்பட்ட துறைமுகங்களையும் தொழிற்சாலை நிலங்களையும் எவ்வாறு மீண்டும் நகரத்துடன் இணைப்பது என்பதும் இக் கட்டிடக்கலையின் இரு முதன்மையான கேள்விகள் ஆகும். பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற ஸ்வேர்ரே ஃபேன், ஒஸ்லோ ஆப்பெரா மாளிகையை வடிவமைத்த ஸ்னோஹெட்டா நிறுவனம் ஆகியோரின் ஆக்கங்களால் இது உலக அளவில் அறியப்பட்டது.

பின்னணி

நிலமும் மக்களும்

நோர்வேயின் மக்கள்தொகை சுமார் 55 இலட்சம் ஆகும். இவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நகரப் பகுதிகளில் வாழ்கின்றனர். ஆனாலும், நாட்டின் பெரும்பகுதி மலையும், பாறையும், காடுமாகவே உள்ளது. நாட்டின் வடக்குப் பகுதியில் குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் எழுவதில்லை. கோடையில் அது மறைவதில்லை. இதனால் தாழ்ந்த கோணத்தில் விழும் ஒளி, பனியின் சுமை, கடற்காற்று என்பன கட்டிட வடிவமைப்பில் தவிர்க்க முடியாதவையாக உள்ளன.

நகரவாசிகள் பலருக்கு மலையிலோ கடற்கரையிலோ "ஹிட்டே" எனப்படும் சிறு ஓய்வுக் குடில் உண்டு. நாட்டில் இத்தகைய குடில்கள் 4 இலட்சத்துக்கும் அதிகமாக உள்ளன. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வகை மரக் குடில்களையும் வீடுகளையும் எளிமையாகவும், நிலத்தைச் சிதைக்காமலும் அமைப்பதில் பெண் கட்டிடக்கலைஞரான வெங்கே செல்மர் (1920 - 1998) பெயர் பெற்றிருந்தார்.

மரமும் தீயும்

நோர்வேயின் கட்டிட மரபு மர மரபாகும். மத்திய காலத்தில் கட்டப்பட்ட மரத்தூண் தேவாலயங்களுள் 28 இன்றும் எஞ்சியுள்ளன. இவற்றுள் 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஊர்னெஸ் தேவாலயமும், பேர்கன் நகரின் பழைய வணிகத் துறையான பிரிக்கெனும் 1979 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களங்களாக அறிவிக்கப்பட்டன.

மரத்தால் ஆன நகரங்களுக்குத் தீ பெரும் பகையாக இருந்தது. 1904 ஆம் ஆண்டு சனவரி 23 ஆம் நாள் ஏற்பட்ட தீயில் ஓலசுண்ட் நகரின் மையப்பகுதி முழுவதும் அழிந்தது. அந் நகரம் கல்லாலும் செங்கல்லாலும் அக்காலத்துப் புதுக்கலைப் பாணியில் திரும்பக் கட்டப்பட்டது. இதன் பின்னர் நகர மையங்களில் மரக் கட்டிடங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. 1997 ஆம் ஆண்டில், கட்டுமானப் பொருள் எது என்று கூறுவதற்குப் பதிலாக, கட்டிடம் எவ்வளவு நேரம் தீயைத் தாங்கவேண்டும் என்று கூறும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. உயரமான மரக் கட்டிடங்களுக்கு வழி திறந்தது இம் மாற்றமே ஆகும்.

நடமாடும் உரிமை

தனியாருக்கு உரிய நிலமாயினும், பயிரிடப்படாத வெளியில் எவரும் நடக்கலாம், தங்கலாம் என்பது நோர்வேயின் பழமையான வழக்கமாகும். "எல்லோருக்குமான உரிமை" என்னும் பொருளில் அல்லமான்ஸ்ரெத்தென் எனப்படும் இவ் வழக்கம், 1957 ஆம் ஆண்டின் திறந்தவெளிப் பொழுதுபோக்குச் சட்டத்தில் இடம்பெற்றது. இத்துடன், கடற்கரையில் இருந்து 100 மீட்டருக்குள் கட்டுவதற்குப் பொதுவான தடை உள்ளது. ஒஸ்லோவைச் சூழ்ந்துள்ள காடுகளில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் 2009 இல் நடைமுறைக்கு வந்தது. எனவே இங்கே இயற்கை என்பது வெறும் காட்சிப் பொருள் அல்ல. சட்டத்தால் காக்கப்படும் பொது உடைமைக்கு ஒப்பானது. பின்னர் விளக்கப்படும் பல கட்டிடங்களையும், அவை குறித்த சர்ச்சைகளையும் புரிந்துகொள்வதற்கு இது முக்கியமானதாகும்.

வரலாறு

1905 ஆம் ஆண்டில் சுவீடனுடனான ஒன்றியத்தில் இருந்து நோர்வே பிரிந்தது. புதிய நாட்டின் அடையாளமாக விளங்கிய கட்டிடங்களுள் ஒஸ்லோ நகர மண்டபம் முதன்மையானது. ஆர்ன்ஸ்டைன் ஆர்னபெர்க், மாக்னுஸ் பவுல்சன் ஆகியோர் வடிவமைத்த இது 1950 இல் திறந்து வைக்கப்பட்டது. அமைதிக்கான நோபல் பரிசு 1990 ஆம் ஆண்டில் இருந்து இங்கேயே வழங்கப்படுகின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல் பின்வாங்கிய செருமானியப் படைகள் வடக்கே ஃபின்மார்க் பகுதியின் ஊர்களை எரித்து அழித்தன. போருக்குப் பின்னர் பல்லாயிரம் வீடுகளை விரைவாகக் கட்டவேண்டிய தேவை எழுந்தது. இச் சூழலில், 1950 ஆம் ஆண்டளவில், ஆர்னே கோர்ஸ்மோவைச் சூழ்ந்து பாகோன் என்னும் இளம் கட்டிடக்கலைஞர் குழு உருவானது. நவீனவியத்தை நோர்வேயின் நிலத்துக்கும் பொருட்களுக்கும் ஏற்ப மாற்றுவது இவர்களது நோக்கமாக இருந்தது. பின்னாளில் சிட்னி ஆப்பெரா மாளிகையை வடிவமைத்த டென்மார்க்கு நாட்டவரான யோர்ன் உட்சனும் இக் குழுவுடன் தொடர்பு கொண்டிருந்தார்.

இக் குழுவைச் சேர்ந்த கிறிஸ்தியான் நோர்பர்க்-ஷூல்ஸ் (1926 - 2000) கட்டிடக்கலைக் கோட்பாட்டாளராகப் புகழ் பெற்றார். ஒவ்வொரு இடத்துக்கும் அதற்கே உரிய ஓர் இயல்பு உண்டு. கட்டிடம் அவ் இயல்பை வெளிப்படுத்த வேண்டும் என்பது இவரது கருத்தின் சுருக்கமாகும். "இடத்தின் ஆவி" என்னும் பொருள்படும் பழைய இலத்தீன் சொற்றொடரை இவர் தமது நூலுக்குத் தலைப்பாக்கினார். இக் கருத்து நோர்வேக்கு வெளியேயும் கட்டிடக்கலைக் கல்வியில் பரவலாக எடுத்தாளப்பட்டது.

1969 ஆம் ஆண்டில் வட கடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னர் பெருகிய நாட்டின் செல்வம், 1990களுக்குப் பிந்திய பெரிய பொதுக் கட்டிடங்களுக்கு அடிப்படையாக அமைந்தது.

ஸ்வேர்ரே ஃபேன்

ஸ்வேர்ரே ஃபேன் (1924 - 2009) இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான நோர்வேக் கட்டிடக்கலைஞராகக் கருதப்படுகின்றார். கட்டிடக்கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு 1997 இல் இவருக்கு வழங்கப்பட்டது. இவரது ஆக்கங்களுள் பின்வருவன குறிப்பிடத்தக்கவை.

நோர்டிக் காட்சிமண்டபம், வெனிசு (1962): சுவீடன், பின்லாந்து, நோர்வே ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவான இம் மண்டபம் அமையவிருந்த இடத்தில் ஏற்கெனவே மரங்கள் நின்றிருந்தன. ஃபேன் அவற்றை வெட்டாமல், கூரையில் இடைவெளி விட்டு அவை வளர்வதற்கு இடமளித்தார். கூரை, ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்காக அமைந்த இரண்டு அடுக்கு மெல்லிய காங்கிரீட் தகடுகளால் ஆனது. தெற்கின் கூரிய சூரிய ஒளி இத் தகடுகளில் பட்டுத் தெறித்து, நிழலற்ற வடநாட்டு ஒளியைப் போல் உள்ளே இறங்குகின்றது. முதன்மை உத்தரம் ஒரு மரத்தின் அருகே இரண்டாகப் பிரிந்து அதற்கு வழி விடுகின்றது.

ஹெட்மார்க் அருங்காட்சியகம், ஹாமார்: மத்தியகால ஆயர் மாளிகையின் இடிபாடுகள் மீது பிற்காலத்தில் கட்டப்பட்ட களஞ்சியம் ஒன்றை 1967 - 1979 காலப்பகுதியில் ஃபேன் அருங்காட்சியகமாக மாற்றினார். பார்வையாளர் நடப்பதற்கான காங்கிரீட் சாய்தளம் இடிபாடுகளின் மேலே, அவற்றின் மீது படாமல் செல்கின்றது. உடைந்த சுவர்த் திறப்புக்களைச் செப்பனிட்டுச் சதுரமாக்காமல், உடைந்த விளிம்பு தெரியுமாறு வெளிப்புறத்தில் கண்ணாடி பொருத்தப்பட்டது. பழையதையும் புதியதையும் கலக்காமல் அருகருகே வைக்கும் இம் முறை, பாதுகாப்புத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகின்றது.

பனியாற்று அருங்காட்சியகம், ஃபியார்லண்ட் (1991): மலைகளுக்கு இடையே உள்ள சமவெளியில் காங்கிரீட்டால் அமைக்கப்பட்டது. இதன் படிகள் பார்வையாளரைக் கூரைக்கு இட்டுச் சென்று, பனியாற்றை நோக்கி நிற்கச் செய்கின்றன.

இயற்கையின் நடுவே

மோர்ட்டென்ஸ்ருட் தேவாலயம்

யென்சன், ஸ்கோத்வின் ஆகியோர் வடிவமைத்து 2002 இல் ஒஸ்லோவின் புறநகரில் நிறைவடைந்த இத் தேவாலயத்துக்காகப் பாறை உடைக்கப்பட்டது மிகக் குறைவாகும். நிலத்தில் இருந்த பாறை முகடுகள் சில தேவாலயத்தின் தரையை ஊடுருவி எழுந்து நிற்கின்றன. மரங்கள் சில சிறு முற்றங்களுக்குள் விட்டுவைக்கப்பட்டன. உருக்குச் சட்டத்துக்குள் சாந்து இல்லாமல் அடுக்கப்பட்ட கற்களின் இடைவெளி வழியே ஒளி உள்ளே வருகின்றது.

இதே கட்டிடக்கலைஞர்கள் வல்டால் பள்ளத்தாக்கில் அமைத்த யுவெத் விடுதியில், பாறையை வெடிவைத்துச் சமப்படுத்தாமல், அதில் துளையிட்டுப் பொருத்திய உருக்குக் கம்பிகளின் மீது அறைகள் நிறுத்தப்பட்டன. அறைகளை அகற்றினால் நிலம் ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது இவ் அமைப்பின் நோக்கமாகும்.

தேசிய சுற்றுலாச் சாலைகள்

1990களில் நோர்வேயின் பொதுச் சாலைகள் நிர்வாகம் தொடங்கிய திட்டம் இதுவாகும். இதன்கீழ் நாட்டின் 18 சாலைகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவற்றின் வழியே காட்சி மேடைகள், இளைப்பாறும் இடங்கள், கழிப்பறைகள் முதலியவை கட்டிடக்கலைஞர்களைக் கொண்டு அமைக்கப்பட்டன. சாதாரண சாலையோரக் கழிப்பறையும் கவனமாக வடிவமைக்கப்படவேண்டிய பொதுக் கட்டிடமே என்னும் எண்ணம் இத் திட்டத்தின் சிறப்பாகும். இளம் கட்டிடக்கலைஞர் பலர் தமது முதல் பணியை இதன்மூலமே பெற்றனர். முக்கியமான சில:

- ஸ்டேகஸ்டைன் காட்சி மேடை (2006): டொட் சாண்டர்ஸ், தொம்மி வில்ஹெல்ம்சன் ஆகியோர் வடிவமைத்தது. கடல் மட்டத்தில் இருந்து 650 மீட்டர் உயரத்தில், அவுர்லண்ட் நுழைகழியின் மேலே 30 மீட்டர் நீண்டுள்ளது. இறுதியில் கண்ணாடித் தடுப்பை நோக்கிக் கீழே வளைகின்றது.
- ஸ்டைல்நெசெத் நினைவிடம், வார்டோ (2011): 17 ஆம் நூற்றாண்டில் சூனியக் குற்றச்சாட்டின் பேரில் கொல்லப்பட்ட 91 பேருக்கானது. சுவிட்சர்லாந்துக் கட்டிடக்கலைஞர் பீட்டர் சும்தோர், சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா ஆகியோரது ஆக்கம்.
- திரோல்ஸ்டிகன் பார்வையாளர் நிலையம் (2012): ரையுல்ஃப் ராம்ஸ்டாட் வடிவமைத்தது.
- அல்மன்னயுவெத் துத்தநாகச் சுரங்க அருங்காட்சியகம் (2016): சும்தோர் வடிவமைத்தது.

ஸ்னோஹெட்டா காட்சிக்கூடம்

டோவ்ரெ மலைப் பகுதியில் 2011 இல் அமைக்கப்பட்ட இச் சிறு கூடத்தில் இருந்து காட்டுக் கலைமான்களைக் காணலாம். வெளிப்புறம் நேர்கோடுகளாலான உருக்குச் சட்டமும் கண்ணாடியும் ஆகும். உள்ளே காற்றால் அரிக்கப்பட்ட பாறையைப் போன்ற மர இருக்கை உள்ளது. கணினி மாதிரியைக் கொண்டு படகு கட்டுவோர் இம் மரப் பகுதியைக் கடைந்து உருவாக்கினர். இதன் அருகே உள்ள யெர்கின் பகுதி முன்னர் இராணுவத்தின் சுடுபயிற்சிக் களமாக இருந்தது. அங்கிருந்த சாலைகளும் கட்டிடங்களும் அகற்றப்பட்டு, நிலம் 2020 ஆம் ஆண்டுவாக்கில் மீண்டும் இயற்கை நிலைக்குத் திருப்பப்பட்டது.

அண்டர்

நாட்டின் தென்முனையான லிண்டெஸ்நெஸ்ஸில் 2019 இல் திறக்கப்பட்ட உணவகக் கட்டிடமாகும். 34 மீட்டர் நீளமான காங்கிரீட் குழாய் கரையில் இருந்து சரிந்து, கடல் மட்டத்துக்கு 5.5 மீட்டர் கீழே கடற்படுகையில் தங்குகின்றது. சிப்பிகள் பற்றிக்கொள்ள உதவும் வகையில் இதன் வெளிப்புறம் சொரசொரப்பாக விடப்பட்டுள்ளது. இதனையும் ஸ்னோஹெட்டா நிறுவனமே வடிவமைத்தது.

நகரங்கள்

ஒஸ்லோவின் நுழைகழி நகரம்

ஒஸ்லோ நுழைகழியின் முனையில் அமைந்திருந்தும், நீண்ட காலம் நகர மக்கள் கடலை எளிதில் அணுக முடியாதிருந்தது. கப்பல் கட்டும் தளங்கள், கொள்கலன் துறைகள், இரயில் பாதைகள், நெடுஞ்சாலை என்பன இடையே நின்றன. 1982 இல் மூடப்பட்ட கப்பல் கட்டும் தளம் ஒன்று அக்கெர் பிரிக்கே என்னும் வணிக, குடியிருப்புப் பகுதியாக மாறியது. 2000 ஆம் ஆண்டில் நகரவை, துறைமுகத்தைப் படிப்படியாக இடம்மாற்றிக் கரையை நகரத்துக்கு அளிப்பதென முடிவு செய்தது. "நுழைகழி நகரம்" எனப்படும் இத் திட்டம் 2008 இல் ஏற்கப்பட்டது. 2010 இல் நெடுஞ்சாலை கடலடிச் சுரங்கத்துக்குள் மாற்றப்பட்டதால் பியோர்விகா பகுதி கடலுடன் நேரடியாக இணைந்தது.

ஒஸ்லோ ஆப்பெரா மாளிகை

ஸ்னோஹெட்டா வடிவமைத்த இம் மாளிகை 2008 ஆம் ஆண்டு ஏப்ரல் 12 ஆம் நாள் திறக்கப்பட்டது. ஸ்னோஹெட்டா என்பது 2,286 மீட்டர் உயரமான மலை ஒன்றின் பெயராகும். எகிப்தில் 2002 இல் திறக்கப்பட்ட அலெக்சாந்திரியா நூலகத்துக்கான போட்டியில் 1989 இல் வென்றதன்மூலம் இந் நிறுவனம் உலகின் கவனத்தைப் பெற்றிருந்தது.

மாளிகையின் வெண்ணிறக் கூரை நீரில் இருந்து சரிவாக எழுகின்றது. எவரும் கட்டணமின்றி அதன் மீது நடந்து உச்சிக்குச் செல்லலாம். ஆப்பெரா என்பது சிலருக்கே உரிய கலை என்னும் எண்ணம் வலுவாக இருந்த நாட்டில், நுழைவுச்சீட்டு வாங்காதவருக்கும் கட்டிடத்தில் பங்கு உண்டு என்பதை இக் கூரை காட்டியது. மலையில் நடக்கும் உரிமை நகரின் நடுவே கொண்டுவரப்பட்டது எனவும் இதனைக் கூறலாம். 2009 ஆம் ஆண்டின் மீஸ் வான் டெர் ரோ விருது இதற்கு வழங்கப்பட்டது.

கூரைக்கு இத்தாலியின் கர்ராரா சலவைக்கல் பயன்படுத்தப்பட்டது. நனைந்தாலும் வெண்மை குன்றாது என்பது இதற்குக் கூறப்பட்ட காரணமாகும். ஆனால், கல்வளம் மிக்க நோர்வேயின் தேசிய மாளிகைக்கு வெளிநாட்டுக் கல் ஏன் என்னும் கேள்வி எழுந்தது. பின்னர் சில கற்கள் மஞ்சள் நிறம் அடைந்தமையும் விவாதத்துக்கு உள்ளானது.

பியோர்விகாவின் பிற கட்டிடங்கள்

- பார்கோட்: மெல்லிய, உயரமான அலுவலக, குடியிருப்புக் கட்டிடங்களின் வரிசை. பின்னால் உள்ள நகரத்துக்குக் கடற்காட்சி கிடைப்பதற்காகக் கட்டிடங்களுக்கு இடையே இடைவெளிகள் விடப்பட்டன. ஆயினும், இது நகரத்துக்கும் நுழைகழிக்கும் நடுவே ஒரு சுவராகும் எனக் கூறிப் பலர் எதிர்த்தனர்.
- டைக்மன் நூலகம் (2020): அட்டெலியே ஒஸ்லோ, லுண்ட் ஹாகெம் ஆகிய நிறுவனங்கள் வடிவமைத்தன. இரயில் நிலையத்தில் இருந்து ஆப்பெரா மாளிகையை நோக்கும் காட்சியை மறைக்காத வகையில் அமைந்துள்ளது.
- மூங்க் அருங்காட்சியகம் (2021): ஓவியர் எட்வர்ட் மூங்க் ஒஸ்லோ நகருக்கு விட்டுச்சென்ற படைப்புக்களுக்கானது. எசுப்பானியாவின் எர்ரேரோஸ் நிறுவனம் வடிவமைத்த 13 மாடிக் கட்டிடம். உச்சியில் நகரை நோக்கிச் சாய்ந்துள்ள இதன் அலுமினிய முகப்பு கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது.

பியோர்விகாவுக்கு மேற்கே, பழைய இரயில் நிலையம் ஒன்றின் நிலத்தில் 2022 இல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இதன் முகப்பு நோர்வேயின் சாம்பல் நிறப் பலகைக்கல்லால் ஆனது.

பிற நகரங்கள்

கிறிஸ்தியான்சாண்டில் 1935 ஆம் ஆண்டின் தானியக் களஞ்சியம் 2024 இல் குன்ஸ்ட்சிலோ என்னும் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. அக் களஞ்சியத்தை வடிவமைத்தவர்களுள் முன்னர் குறிப்பிட்ட ஆர்னே கோர்ஸ்மோவும் ஒருவர். ஸ்டவாங்கரில் இயங்கும் ஹெலன் அண்ட் ஹார்ட் நிறுவனம் வடிவமைத்த வென்னெஸ்லா நூலகத்தில் (2011), 27 மர விலா வளைவுகளே கூரையைத் தாங்கும் உறுப்பாகவும், நூல் அடுக்காகவும், இருக்கையாகவும் அமைகின்றன.

மீண்டும் மரம்

பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்யப்படும் அடுக்கொட்டு மரத்தின் வளர்ச்சியும், 1997 ஆம் ஆண்டு விதிமாற்றமும் சேர்ந்து உயரமான மரக் கட்டிடங்களைச் சாத்தியமாக்கின. தடித்த மர உத்தரம் எரியும்போது அதன் வெளிப்புறம் கரியாகி, உட்பகுதியைச் சிறிது காலம் காக்கின்றது. எனவே தேவைக்கு மேல் தடிப்பை அளிப்பதன்மூலம், தீயைத் தாங்கும் நேரத்தைக் கணக்கிட முடியும்.

2015 இல் பேர்கனில் 14 மாடிகள் கொண்ட திரேயெ கட்டப்பட்டது. 2019 இல் புரூமுண்டால் நகரில் மியோசா ஏரிக்கரையில் 18 மாடிகளும் 85.4 மீட்டர் உயரமும் கொண்ட மியோஸ்டோர்னெ நிறைவடைந்தது. வோல் நிறுவனம் வடிவமைத்த இது, 2022 இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அசென்ட் கட்டிடம் முடிவடையும் வரை உலகின் மிக உயரமான மரக் கட்டிடமாக விளங்கியது. மரம் எடை குறைந்தது ஆதலால் காற்றில் கட்டிடம் அசைவதைக் குறைக்க, மேல் மாடிகளின் தளங்கள் மட்டும் காங்கிரீட்டால் அமைக்கப்பட்டன.

இத் தொழில்நுட்பம் பின்னடைவையும் கண்டது. 2012 இல் திறக்கப்பட்ட திரெட்டென் மரப் பாலம் 2022 ஆகஸ்ட் 15 ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. பாலத்தின் மீது அப்போது ஒரு சரக்குந்தும் ஒரு மகிழுந்தும் இருந்தன, உயிரிழப்பு ஏற்படவில்லை. மர உறுப்புக்கள் இணையும் மூட்டின் வடிவமைப்பே தோல்விக்குக் காரணமாக அறியப்பட்டது.

ஆற்றல்

பவர்ஹவுஸ் என்னும் கூட்டமைப்பு, ஒரு கட்டிடம் தன் வாழ்நாளில், கட்டுமானப் பொருட்களுக்கும் பயன்பாட்டுக்கும் இடிப்புக்கும் செலவாகும் ஆற்றலைவிடக் கூடுதலான ஆற்றலை உற்பத்தி செய்யவேண்டும் என்னும் இலக்கை வகுத்தது. சாண்ட்விகாவில் 1980களின் அலுவலகக் கட்டிடங்களைப் புதுப்பித்து உருவான கியோர்போ (2014), டிரோன்ட்ஹைமின் பிராத்தோர்காயா (2019), பொர்ஸ்குருனின் டெலிமார்க் (2020) ஆகியன இதன் கட்டிடங்களாகும். எண்ணெய், எரிவளி ஏற்றுமதியில் முன்னணியில் உள்ள நாடு பசுமைக் கட்டிடங்களுக்கு முன்னோடியாக விளங்குவதில் உள்ள முரண்பாடு அடிக்கடி சுட்டிக்காட்டப்படுகின்றது.

யூலை 22 நினைவிடங்கள்

2011 யூலை 22 ஆம் நாள் ஒஸ்லோவின் அரசாங்க வளாகத்தில் நடந்த குண்டுவெடிப்பில் 8 பேரும், உத்தோயா தீவில் இளைஞர் முகாமில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 69 பேரும் கொல்லப்பட்டனர். இந் நினைவை எவ்வாறு கட்டிடமாக்குவது என்பது நோர்வேக் கட்டிடக்கலை எதிர்கொண்ட மிகக் கடினமான கேள்வியாக அமைந்தது.

தீவில் பலர் உயிரிழந்த சிற்றுண்டிக் கூடத்தை இடிப்பதா, வைத்திருப்பதா என்னும் விவாதத்துக்குப் பின்னர், அதன் ஒரு பகுதியைப் புதிய மரக் கட்டிடம் ஒன்றுக்குள் வைத்துப் பாதுகாப்பதென முடிவானது. எர்லண்ட் பிளாக்ஸ்டாட் ஹாஃப்னர் வடிவமைத்த இது 2016 இல் திறக்கப்பட்டது. இறந்தவர்களுக்காக 69 தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. உயிர் தப்பியவர்களுக்காக 495 மரக்கம்புகள் சுற்றிலும் வேலியாக நிற்கின்றன.

தீவுக்கு எதிர்க்கரையில், சோர்பிரோத்தென் நிலமுனையின் குறுக்கே 3.5 மீட்டர் அகலத்தில் பாறையை வெட்டி அகற்றும் "நினைவின் காயம்" என்னும் திட்டம் 2014 இல் தேர்வு செய்யப்பட்டது. சுவீடன் கலைஞர் யோனாஸ் டால்பர்க்கின் இக் கருத்து உலக அளவில் பாராட்டப்பட்டது. ஆனால் அயலில் வாழ்வோர் பலர் எதிர்த்தனர். அன்றைய நாளில் தம் படகுகளில் சென்று இளைஞர்களை நீரில் இருந்து மீட்டவர்கள் அப்பகுதி மக்களே. அந்தக் காயத்தை ஒவ்வொரு நாளும் தம் வாசலில் காண முடியாது என்றும், இயற்கையை மீளாத வகையில் வெட்டுவது தகாது என்றும் கூறப்பட்டது. 2017 இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. இதற்குப் பதிலாக, தீவுக்குச் செல்லும் படகுத்துறையில் மந்தெய் கூலா நிறுவனம் வடிவமைத்த 77 வெண்கலத் தூண்கள் கொண்ட நினைவிடம் 2022 இல் நிறைவேறியது.

அரசாங்க வளாகத்தில், எர்லிங் விக்சோ வடிவமைத்த உயர்மாடிக் கட்டிடம் (1958) பேணப்பட்டது. அவரே வடிவமைத்த ஒய் வடிவக் கட்டிடம் (1969), பாதுகாப்புக் காரணங்களைக் காட்டி, பெரும் எதிர்ப்புக்கு நடுவே 2020 இல் இடிக்கப்பட்டது. அதில் பிக்காசோவின் வரைவுகளைக் கொண்டு கார்ல் நெஸ்யார் காங்கிரீட் சுவரில் செதுக்கிய படைப்புக்கள் முன்னதாக வெட்டி எடுக்கப்பட்டன.

விமர்சனங்கள்

- காட்சி மேடைகள் இயற்கையைக் காப்பதற்குப் பதிலாக, அதிக வாகனங்களையும் கூட்டத்தையும் ஈர்க்கின்றன என்று கூறப்படுகின்றது.
- ஓய்வுக் குடில்கள் இன்று சாலை, மின்சாரம், குழாய்நீர் வசதிகளுடன் பெரும் குடியிருப்புக்களாகக் கட்டப்படுகின்றன. இதனால் மலைநிலமும் சதுப்புநிலமும் குறைகின்றன. எளிமையான குடில் என்னும் மரபே இயற்கைக்கு அழுத்தமாக மாறியுள்ளது.
- நுழைகழி நகரத்தில் கரை பொதுவாயினும், வீடுகள் விலை உயர்ந்தவை. எனவே கரையில் நடப்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. வாழ்வது சிலருக்கே இயலும்.
- 2021 ஆம் ஆண்டளவில் "கட்டிடக்கலைக் கிளர்ச்சி" என்னும் மக்கள் இயக்கம் வலுப்பெற்றது. புதிய கட்டிடங்கள் ஒரே மாதிரியான பெட்டிகளாக உள்ளன என்றும், மரபுவழி வடிவங்களுக்கு இடம் வேண்டும் என்றும் இது கோரியது. இது பழமைவாதம் என்று கட்டிடக்கலைஞர் சிலர் மறுத்தனர். நகர வடிவமைப்பில் பொதுமக்களின் குரல் கேட்கப்படவில்லை என்பதை வேறு சிலர் ஏற்றுக்கொண்டனர்.

இவற்றையும் பார்க்கவும்

- நோர்வே
- ஒஸ்லோ
- ஸ்வேர்ரே ஃபேன்
- மரத்தூண் தேவாலயம்
- நவீனவியக் கட்டிடக்கலை
- பிரிட்ஸ்கர் பரிசு
- நுழைகழி